33 வயதில் சாதாரண தரம் எழுத நேரம் எங்கிருந்து வரும்?

தங்கச்சி கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், இடையில் வாசிக்க வருபவர்களுக்கும் விளங்கட்டும். வயது 33. விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் உதவியாளராக வேலை, பாடசாலை போகும் இரண்டு பிள்ளைகள், கணவருக்கு வயலும் மேசன் வேலையும். 2008 டிசம்பரில் எழுத வேண்டிய சாதாரண தரப் பரீட்சை (பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் O/L) யுத்த இடப்பெயர்வோடு போய்விட்டது, அதற்குப் பிறகு எழுதவே இல்லை. இப்போது முன்பள்ளி டிப்ளோமாவுக்கு அந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் படிக்க வேண்டும், ஒரு டைம்டேபிள் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், இந்த வயதில் படிப்பு ஏறுமா, ரியூசன் போக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பிள்ளைகளுடைய நேரத்தை எடுத்து நான் படிப்பது சரியா என்றும் தெரியவில்லை" என்று ஒரு வசனம் இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது, அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் நீண்ட காலம் கணிதம் படிப்பித்தவன். படிப்பை இடையில் விட்ட பெரியவர்களுக்குப் பின்னேர வகுப்பும் எடுத்து வருகிறேன். தையல் வேலை செய்பவர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள், இரவுக் காவல் வேலை முடித்து நித்திரை முழியோடு வந்து இருப்பவர்கள் என்று பலரைப் பார்த்தாயிற்று. பரீட்சை பற்றியும் கணிதம் பற்றியும் கீழே சொல்வதை நம்பி எடுக்கலாம். வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது என்பது நான் பார்த்த ஆட்களிடமிருந்து எடுத்தது, எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

நேரத்தைத் தேடுவதற்கு முதல், வேலையைக் குறையுங்கள். பாடசாலைப் பிள்ளை 9 பாடம் எழுதும், அதைப் பார்த்து நீங்களும் 9 பாடத்துக்கும் புத்தகம் சேர்க்கத் தேவையில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுபவர் தனக்கு வேண்டிய பாடங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். பொதுவாகக் கேட்கப்படுவது தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக 6 பாடச் சித்தி, அதில் 3 திறமைச் சித்தி (C அல்லது அதற்கு மேல்). உயர்தரத்துக்கு அதுதான் கணக்கு, வேறு பல கற்கைகளும் அதையொட்டியே கேட்கின்றன. உங்கள் டிப்ளோமாவின் விண்ணப்பப் படிவத்தை எடுத்து இரண்டு விடயம் பாருங்கள்: எந்தப் பாடங்கள் கட்டாயம், எத்தனை தடவைக்குள் எழுதி முடித்திருக்க வேண்டும். இரண்டு தடவைக்குள் என்று போட்டிருந்தால் உங்களுக்கு அது நல்ல செய்தி, ஏனென்றால் பாடங்களை இரண்டு வருடத்துக்குப் பிரித்துவிடலாம். அப்படிப் பிரிக்கும்போது கணிதத்தைப் பயத்தில் இரண்டாவது வருடத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் தடவையே எழுதுங்கள், வராவிட்டால் இன்னொரு தடவை கையில் இருக்கும். தள்ளிப் போட்டவர்களுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லாமல் போகிறது. தொகுதிப் பாடங்களில், அதாவது பட்டியலிலிருந்து நீங்களே தெரிந்தெடுக்கும் பாடங்களில், மனைப் பொருளியல், விவசாயம் போல உங்கள் கைக்கு ஏற்கெனவே பழக்கமானதை எடுங்கள். சங்கீதம், நடனம் போலச் செய்முறைப் பரீட்சை உள்ளவற்றை விட்டுவிடுங்கள், அதற்கு அலைய உங்களுக்கு நாள் இல்லை.

சரி, இனி நேரம். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் என்ற கேள்விக்கு நான் இலக்கம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வன்னியில் ஒரு வயல் வீட்டின் நாட்கள் ஒரே மாதிரி வருவதில்லை. ஐப்பசியில் விதைப்பு, தை மாசியில் அறுவடை, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்தால் சித்திரைக்குப் பிறகு சிறுபோகம். அறுவடைக் கிழமையில் மெசின் எப்போது உங்கள் வயலுக்கு வரும் என்று உங்களுக்கே தெரியாது, நடுச்சாமத்திலும் வரும். அந்தக் கிழமைக்கும் மழைக்காலத்துக்கும் ஒரே டைம்டேபிள் போட்டால் முதல் மாதத்திலேயே அது கிழியும், கிழிந்ததும் "என்னால் ஏலாது" என்று மனம் சொல்லும். நான் பார்த்தவர்களில் பலர் படிப்பை விட்டது பாடம் கடினம் என்பதால் அல்ல, டைம்டேபிள் தவறிய வெட்கத்தில்தான்.

ஆகவே வருடத்தைப் போகப்படி பிரியுங்கள். முன்பு சாதாரண தரம் டிசம்பரில் நடக்கும், அண்மைய வருடங்களில் திகதி நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2023க்குரியது 2024 மே மாதத்தில் நடந்தது, 2024க்குரியது 2025 மார்ச்சில் நடந்தது. மார்ச் ஒட்டி வந்தால் அதற்கு முந்திய இரண்டு மாதமும் உங்களுக்கு அறுவடை. நகரத்துப் பிள்ளை கடைசி இரண்டு மாதத்தில் இரவு பகலாகப் படிக்கும், உங்களுக்கு அந்த இரண்டு மாதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாடம் எல்லாம் தைப்பொங்கலுக்கு முன் முடிய வேண்டும், அறுவடைக் காலத்துக்குக் கடந்தகால வினாத்தாள் மட்டும், அதுவும் துண்டு துண்டாக. உங்கள் நல்ல காலம் கார்த்திகை மார்கழி. விதைப்பு முடிந்திருக்கும், மழையில் மேசன் வேலை நிற்கும், கணவர் வீட்டில் இருப்பார், மார்கழியில் முன்பள்ளிக்கும் விடுமுறை. பாரமான பாடங்களை அங்கே போடுங்கள். ஆனால் மழைக்காலத்தை முழுதாக நம்பவும் கூடாது. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே சில நாட்கள் நிறுத்தி டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி நடத்தினார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் ஒவ்வொரு மாதத்திலும் ஒரு கிழமையை வெறுமையாக விட்டு மிச்சத்துக்குத் திட்டமிடுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வரும் கிழமையையும் படிப்பு நாளாகக் கணக்கெடுக்காதீர்கள், அம்மனிடம் போய்விட்டு ஆறுதலாக வாருங்கள்.

கிழமைக்குள் வருவோம். புதுக் கொப்பியில் கோடு போட்டு எதிர்காலத்தை எழுத முதல், போன கிழமை உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம், நுண்கடன் குழுவின் கடன் கூட்டம் எந்த நாள், போனில் எவ்வளவு போனது, ஆர் வீட்டுக்கு வந்தது. மனிதர்கள் தங்கள் வேலைக்கு எடுக்கும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள், முன்பு எத்தனை தடவை பிந்தியிருந்தாலும் அடுத்த முறை சரியாக முடியும் என்று நம்புவார்கள். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் இதைப் பற்றி எழுதினார்கள், அதற்குப் பிறகு பலர் சோதித்தும் அது நிற்கிறது. எனவே வெற்று நேரம் என்று தெரிவதில் பாதியை மட்டும் படிப்புக்கு என்று எழுதுங்கள்.

உங்கள் நாளில் ஒரு இடைவெளி எனக்கு உடனே தெரிகிறது. எங்கள் பக்கத்து முன்பள்ளிகள் பெரும்பாலும் மத்தியானத்துக்கு முன்னரே முடிந்துவிடும். பாடசாலை ஒன்றரைக்குத்தான் விடும். நீங்கள் இரவு நேரத்தை மட்டும் கணக்குப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள், ஆனால் இந்த இடைநேரத்தில் உங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே இல்லை. அது அவர்களிடமிருந்து எடுக்கும் நேரமே அல்ல. அந்த நேரத்தில் சமையல் இருக்கிறது என்பீர்கள், தெரியும். அதற்குத்தான் சொல்கிறேன், வீட்டுக்குப் போக முதல், சின்னப் பிள்ளைகள் போன பிறகு முன்பள்ளியிலேயே அரை மணித்தியாலம் இருங்கள். படலையைத் திறந்து வளவுக்குள் கால் வைத்தால் கோழி, உடுப்பு, அடுப்பு எல்லாம் கூப்பிடும், பிறகு படிப்பு இல்லை. கிழமைக்கு 5 நாள் அரை மணித்தியாலம் என்றால் இரண்டரை மணித்தியாலம். சனி அல்லது ஞாயிறு ஒன்றரை மணித்தியாலம் ஒரே இருப்பில் கிடைத்தால் நான்கு. நல்ல கிழமைக்கு இது போதுமான தொடக்கம்.

அந்த அரை மணித்தியாலத்தில் எல்லோரும் இழப்பது முதல் பத்து நிமிடம். எதைப் படிப்பது, எந்தப் பக்கம் விட்டேன், பேனை எங்கே. இதைத் தவிர்க்க ஒரே வழி, படித்து முடித்து எழும்பும்போதே அடுத்த நாள் வேலையை எடுத்து வைத்துவிட்டு எழும்புவது. என் வகுப்பில் ஒரு தையல்கார அம்மா செய்வதைச் சொல்கிறேன். ஒரு கணக்கு முடித்ததும் அடுத்த கணக்கைக் கொப்பியில் அப்படியே எழுதி, முதல் படியையும் போட்டுவிட்டு மூடுவார். "பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள்" என்று எழுதி, கீழே 1உம் 6உம் எழுதி வெட்டியிருப்பார், அவ்வளவுதான். அடுத்த நாள் கொப்பியைத் திறந்ததும் கை தானாக 2உம் 3உம் என்று எழுதும், இருந்து ஒரு நிமிடத்துக்குள் வேலை ஓடத் தொடங்கும். பாதியில் நிற்கும் கணக்கு ஆளை இழுக்கும். முடிந்த அத்தியாயம் இழுக்காது.

கணித வினாத்தாளின் அமைப்பும் உங்களுக்கு உதவியாகவே இருக்கிறது. முதலாம் பத்திரத்தின் முதல் பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரு இருப்புக்கு 5 வினா என்று வைத்தால் ஒரு கிழமையில் அந்தப் பகுதி முடிந்துவிடும். பெரியவர்கள் கணிதத்தில் புள்ளி இழப்பது எங்கே தெரியுமா? ஒரு லட்சம் ரூபாய்க்கு வருடம் 12 வீதம் எளிய வட்டி, இரண்டு வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், கடன் கூட்டத்தில் பழகிய ஆள் 24,000 என்று வாயாலேயே சொல்லிவிடுவார். எழுதச் சொன்னால் விடையை மட்டும் எழுதுவார். விடை சரியென்றால் பரவாயில்லை, ஆனால் இரண்டாம் பத்திரத்தில் படிகளுக்குத்தான் புள்ளி, அங்கே ஒரு பெருக்கல் பிழைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே வீதம், வட்டி, பரப்பளவு போன்ற தெரிந்த பாடங்களில் நேரம் செலவழிப்பது படிப்பதற்காக அல்ல, படி படியாக எழுதிப் பழகுவதற்காக. மிச்ச நேரம் முழுவதும் காரணிப்படுத்தல், சமன்பாடு, கேத்திர கணிதத் தேற்றங்களுக்குப் போகட்டும், அவைதான் மறந்துபோயிருக்கும்.

வயது போய்விட்டது, ஏறுமா என்பதற்கு: புதிய விடயத்தை உள்வாங்கும் வேகம் வயதோடு மெல்லக் குறைகிறது, அது உண்மை. ஆனால் சொல்வளமும் விடயங்களைத் தொடர்புபடுத்திப் பார்க்கும் அறிவும் உங்கள் வயதில் குறைவதில்லை, கூடுகிறது. தமிழும் சமயமும் வாசிக்கும்போது அதை நீங்களே உணர்வீர்கள்.

எப்படிப் படித்தால் நேரம் மிச்சம் என்பதில் சில விடயம் நன்றாக நிறுவப்பட்டவை. ஜேர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களைத் தானே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே செங்குத்தாக விழுகிறது, பிறகுதான் மெதுவாகிறது. ஆகவே படித்ததை அடுத்த நாள் ஐந்து நிமிடம், மூன்று நாள் கழித்து ஒருக்கால், அடுத்த கிழமை ஒருக்கால் தொட்டால், கடைசியில் முழுதாகத் திரும்பப் படிக்கும் நேரம் மிச்சமாகும். இன்னொன்று, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருந்து எழுதிப் பார்ப்பது கூட நிற்கும். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அது கண்ணுக்குப் பழகியது மட்டும்தான். மூன்றாவது நித்திரை. படித்தது நன்றாகப் பதிய நித்திரை வேண்டும். இரவு ஒரு மணி வரை இருந்து படித்து, நான்கு மணிக்கு எழும்பிச் சமைத்தால் அந்த இரவுப் படிப்பு பெரிய அளவில் வீணாகலாம். நீங்கள் செய்யவே கூடாத ஒன்று என்றால் அதுதான்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனில் இப்போது ஆலோசனைக்குக் குறைவில்லை. விடிய நான்கு மணிதான் படிக்க உகந்த நேரம் என்பார்கள். சிலருக்கு உண்மை, சிலருக்கு அந்த நேரம் தலை வேலை செய்யாது. ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் உடம்பைப் பார்த்து முடிவெடுங்கள். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, பலருக்கு அதைவிட மிக நீண்ட காலம் எடுக்கிறது, எனவே ஒரு மாதம் கழித்தும் இழுபறியாக இருந்தால் உங்களில் குறை என்று நினைக்க வேண்டாம். 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு என்ற முறை பிழையில்லை, ஆனால் அந்த 25இல் ஒரு மந்திரமும் கிடையாது. காதால் படிப்பவர், கண்ணால் படிப்பவர் என்று ஆட்களைப் பிரித்துப் படிப்பித்தால் நன்றாக ஏறும் என்பதும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை.

வீட்டு விடயம். சிலர் வெட்கத்தில் வீட்டுக்கே சொல்லாமல் படிக்கத் தொடங்குவார்கள், அது நீடிப்பதில்லை. சொல்லுங்கள், ஆனால் "எனக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஆருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை பிள்ளைகளும் அடுப்பும் உங்கள் பொறுப்பு, நான் எழும்பி வர மாட்டேன்" என்று ஒரு நாளும் ஒரு நேரமும் சொல்லிக் கேளுங்கள். கணவர் வயலுக்குப் போகும் கிழமைகளில் அதை நீங்களாகவே விட்டுக்கொடுங்கள், அப்போதுதான் மழைக்காலத்தில் உரிமையோடு கேட்கலாம். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால் பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமைக்கு மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். பின்னேரம் பிள்ளைகள் வீட்டு வேலை செய்யும்போது அதே மேசையில் நீங்களும் இருக்கலாம், ஆனால் அந்த நேரத்துக்குப் புதிய பாடம் வைக்காதீர்கள். பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் "அம்மா, இது என்ன" என்று கேட்கும், கேட்கத்தான் வேண்டும். தெரிந்த கணக்கைத் திரும்பச் செய்வது, வினா விடை எழுதிப் பார்ப்பது போன்றவை அந்த மேசைக்கு ஏற்றவை. பிள்ளைகளுடைய நேரத்தை எடுப்பது சரியா என்று கேட்டீர்கள். சரிதான். முழு நேரத்தையும் நீங்கள் எடுக்கவில்லை, எடுப்பதையும் அவர்கள் கண்முன்னே அவர்களோடு இருந்து எடுக்கிறீர்கள். அம்மா பிழைவிட்டு அழித்து மறுபடி எழுதுவதைப் பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதலாகாது.

உங்கள் வயதுக்காரர்களிடம் நான் கண்ட இன்னொன்றும் இருக்கிறது. சிலருக்குப் பத்தாம் ஆண்டுப் புத்தகத்தைத் திறந்ததும் அந்தக் காலம் முழுவதும் வந்து நிற்கும். கூடப் படித்தவர்களின் முகம், விட்டுவிட்டு ஓடிய புத்தகப் பை. அரை மணித்தியாலம் இருந்தும் ஒரு வரி ஏறாமல் போகும், அதை அவர்கள் சோம்பல் என்று நினைத்துத் தங்களையே திட்டுவார்கள். அது சோம்பலும் இல்லை, நேர முகாமைத்துவமும் இல்லை. நான் கணித ஆசிரியன், அதற்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. அப்படி அடிக்கடி வந்தால் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள். என் வகுப்பிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்பட்டது.

ரியூசன் பற்றிக் கேட்டதற்கு: விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கோ புதுக்குடியிருப்புக்கோ பஸ் பார்த்துப் போய் வருவது வகுப்பு நேரத்தைவிடக் கூடிவிடும், 16 வயதுப் பிள்ளைகளின் வேகத்துக்கு நடக்கும் வகுப்பு அது. கணிதத்துக்கு மட்டும், அதுவும் கிட்ட இருந்தால், வார இறுதியில் ஒன்று போதும். பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன, போனில் இறக்கிவைக்கலாம். யூடியூப் பாடங்களைத் தடக்குப்பட்ட இடத்துக்கு மட்டும் பாருங்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் படித்த திருப்தி வரும், கை ஒரு கணக்கும் செய்திருக்காது. வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு என்று ஒன்று உண்டு, பெரியவர்களுக்கான வகுப்பு உங்கள் பக்கம் ஏதும் நடக்கிறதா என்று அங்கே ஒருக்கால் விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், விண்ணப்பத் திகதி. பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோருவதும் மூடுவதும் பரீட்சைக்குப் பல மாதம் முந்தி நடந்துவிடும். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் பார்த்துக்கொள்வார், தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு ஆரும் சொல்ல மாட்டார்கள். நன்றாகப் படித்துவிட்டு இந்த ஒரு திகதியைத் தவறவிட்டு ஒரு வருடம் காத்திருந்தவர்கள் எனக்குத் தெரிய இருக்கிறார்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தை மாதம் ஒருக்கால் பாருங்கள், அடையாள அட்டையில் உள்ள பெயர் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்த்து, திருத்த வேண்டியிருந்தால் கிராம சேவகரிடம் இந்த மாதமே போங்கள். அந்த டிப்ளோமாப் படிவத்தில் எந்தப் பாடங்கள் கேட்டிருக்கிறார்கள் என்று இங்கே எழுதினால், கணிதத்தில் எந்த அத்தியாயத்தை முதலில் எடுப்பது என்று ஒழுங்குபடுத்தித் தருகிறேன். விஞ்ஞானமும் கட்டாயம் என்றால் அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் ஒருவர்தான் சொல்ல வேண்டும், இங்கே அப்படி ஆட்கள் இருந்தால் தயவுசெய்து தங்கச்சிக்கு எழுதுங்கள்.